பூனை கவ்விய 11 வாரக் குஞ்சு: முதுகுத் தோல் கிழிந்துவிட்டது, நாளை போயா (பௌர்ணமி) விடுமுறை

கிணற்றடி (வெள்ளவத்தை)
வெள்ளி, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. பின்வளவு என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. மூடி போட்ட ஒரு பழைய கிணறு, ஒரு கறிவேப்பிலை மரம், உடுப்புக் காயப்போடும் கயிறு. அதற்குள் ஐந்து ஊர்க்கோழிக் குஞ்சுகள். வவுனியாவில் இருக்கும் சித்தி அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு பஸ்ஸில் கொடுத்துவிட்டவை. இன்றைக்கு 11 வாரம். அதில் ஒன்றுக்கு மகன் ‘ரீச்சர்’ என்று பெயர் வைத்திருக்கிறான். மற்றவை தின்னும்போது இது மட்டும் கழுத்தை நீட்டி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும், கொப்பி திருத்த வந்த மாதிரி. உடம்பு முழுக்கக் கறுப்பு.

இன்று பின்னேரம் ஐந்தரைக்குக் கூட்டைத் திறந்து விட்டிருந்தேன். உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருக்கும்போது சத்தம். ஓடி வந்தால் மதிலடியில் ஒரு சாம்பல் நிறத் தெருப்பூனை ரீச்சரைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. எனக்கு முன்னமே மகன் போய்விட்டான். ஒன்பது வயது. எப்படிப் பறித்தான் என்று தெரியாது, கொண்டுவந்து என் கையில் தந்தான்.

காயம் இரண்டு செட்டைக்கும் நடுவில் தொடங்கி வலப்பக்கம் இறங்குகிறது. தீப்பெட்டி அளவுத் தோல் மூன்று பக்கமும் கிழிந்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு, கடித உறையின் மூடி மாதிரித் திறந்து கிடக்கிறது. உள்ளே சதை தெரிகிறது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, மினுங்கிக்கொண்டு. இவ்வளவுக்கும் ரத்தம் ஒரு தேக்கரண்டி கூட வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது துவாயில் சுற்றிப் பெட்டியில் போட்டு பாத்ரூமில் வைத்திருக்கிறேன். நிற்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. தண்ணீர் வைத்தேன், பார்க்கவே இல்லை. இரண்டு இடங்களுக்குப் போன் எடுத்தேன். ஒன்றில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். “கோழியா?” என்று அந்தப் பெண் கேட்ட விதத்திலேயே எனக்குக் கதைக்க மனம் வரவில்லை. மற்ற இடத்தில் எடுக்கவே இல்லை. நாளை போயா வேறு.

மாமி சொல்கிறா, “பிள்ளை, அது தப்பாது. இப்பவே அறுத்தால் குழம்புக்காவது ஆகும்.” மாமி கல்நெஞ்சக்காரி இல்லை. ஊரில் முப்பது கோழி வளர்த்தவர், அனுபவத்தில் சொல்கிறார். மகன் பாத்ரூம் வாசலில் குந்திக்கொண்டு இருக்கிறான். சாப்பிட வரவில்லை, குளிக்கவும் மாட்டானாம்.

மஞ்சள் பூசலாமா? தைக்க வேண்டுமா? பாமசி பத்து மணி வரை திறந்திருக்கும், என்ன வாங்க வேண்டும்? தப்பாது என்றால் அதையும் நேராகவே சொல்லிவிடுங்கள்.


ஆறுகோழிக்காரன் (வத்தளை)
வெள்ளி, இரவு 9.10

அக்கா, அறுக்க வேண்டாம். நிற்கிறது என்றால் பாதிக் கவலை போய்விட்டது. எங்கள் வீட்டில் நாய் கடித்து இதைவிடப் பெரிதாக, வாலடியில் இருந்து கழுத்து வரை உரிந்த ஒரு பேடு பிறகு இரண்டு வருஷம் முட்டையிட்டது. கோழித் தோல் மெல்லியது, சதையோடு இறுக்கமாக ஒட்டியிருக்காது. அதனால்தான் கடதாசி மாதிரிக் கிழிகிறது, ரத்தமும் குறைவு. பார்க்கத்தான் பயங்கரம்.

பாமசியில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று, கோஸ் துணி, பொவிடோன் அயடின், ஒரு சோடி கையுறை வாங்குங்கள். அரை லீட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. கை வைத்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீர் அடித்தால் குஞ்சு விறைத்துப் போகும். அந்தத் தோல் மூடியைத் தூக்கி, அடியில் சிரிஞ்சால் அடித்துக் கழுவுங்கள். மண், இறகு, பூனை மயிர் எல்லாம் வெளியே வரும் வரை. ஒரு சிரிஞ்ச் போதாது, பத்துப் பன்னிரண்டு தரம் அடிக்க வேண்டி வரும்.

பிறகு அயடினைத் தண்ணீரில் கலந்து ஒரு தரம். நிறம் முக்கியம். சாயம் குறைந்த பிளேன் டீ நிறத்துக்கு வர வேண்டும். போத்தலில் இருக்கிற மாதிரியே ஊற்றினால் உயிரோடு இருக்கும் சதையும் கருகும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட், தரை கழுவும் கிருமிநாசினி எதுவும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். கழுவி முடிந்ததும் தோலைப் பழைய இடத்தில் இழுத்து மூடி விடுங்கள். வெட்டி எடுக்காதீர்கள். பிடித்தால் பிடிக்கும். பிடிக்காவிட்டால் அதுவே காய்ந்து கறுத்துப் போகும், அடியில் புதுத் தோல் வந்துகொண்டிருக்கும்.

வீட்டில் தைக்க நினைக்கவே வேண்டாம். அழுக்கை உள்ளே வைத்துத் தைத்தால் சீழ் கட்டும்.

சூடு கொடுக்க முந்தி 40 வாட் பல்ப் போடுவோம், இப்போது எல்லாம் எல்ஈடி, வெளிச்சம் வரும், சூடு வராது. சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். ஒரு மூலையில் மட்டும், வேண்டாம் என்றால் அது விலகிப் போக இடம் வேண்டும். உமி, மரத்தூள் போடாதீர்கள், காயத்தில் ஒட்டும். பேப்பர் விரித்து மேலே பழைய துணி. ஆகப் பெரிய விஷயம் இலையான். கொழும்பு வெக்கைக்குக் காலையில் முட்டை போட்டால் மறுநாள் புழு நெளியும். மகனுடைய பழைய நுளம்பு வலை இருந்தால் பெட்டிக்கு மேலே போட்டு மூடுங்கள்.

மற்ற நான்கு குஞ்சுகளோடு மட்டும் விட வேண்டாம். கூடப் பிறந்ததாக இருந்தாலும் சிவப்பைக் கண்டால் கொத்தும்.


வன்னிக் கிழவன் (மட்டக்குளி)
வெள்ளி, இரவு 9.35

பிள்ளை, நான் 71 வயது. பருந்து தூக்கி நடுவானத்தில் நழுவ விட்ட குஞ்சையும் காப்பாற்றி இருக்கிறோம். எங்களுக்கு அப்போது சிரிஞ்சும் இல்லை, கோஸும் இல்லை. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்புவோம். எண்ணெய் மணத்துக்கு இலையான் கிட்ட வராது. உங்கள் மாமியிடம் கேளுங்கள், அவவும் அதைத்தான் சொல்லுவா.

அறுக்கிற கதையையும் சொல்கிறேன், நீங்கள் நேராகக் கேட்டபடியால். காயத்துக்குள் மூச்சோடு சேர்ந்து நுரை குமிழி வந்தால், இரண்டு காலும் இழுபட்டால், வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால், நாளை பின்னேரம் வரை ஒரு பருக்கையும் தொடாவிட்டால் அதை வருத்தக்கூடாது. இதில் ஒன்றும் இல்லை என்றால் விட்டுப் பாருங்கள். ஊர்க்கோழிக்கு உயிர் கெட்டி.


புறாக்கூடு (கொட்டாஞ்சேனை)
வெள்ளி, இரவு 9.50

மேலே இருவரும் சொன்னது நாய்க்கும் பருந்துக்கும் சரி. இது பூனை. எல்லோரும் கிழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

15 வருஷமாகப் புறா வளர்க்கிறேன். பூனை நகம் பட்ட புறா, வெளியே ஒன்றும் தெரியாது, குண்டூசி குத்தின அளவு ஒரு புள்ளி. இரண்டாம் நாள் காலையில் செத்துக் கிடக்கும். பூனை வாயில் பாஸ்டுரெல்லா என்று ஒரு பக்டீரியா இருக்கிறது. பல் ஊசி மாதிரி மெல்லியது, ஆழமாக இறங்கும், மேலே தோல் உடனே மூடிக்கொள்ளும். அடியில் கிருமி. கிழிந்து திறந்து கிடக்கும் காயம் உண்மையில் நல்ல காயம், கழுவலாம். மூடின ஓட்டைதான் ஆளைக் கொல்லும்.

ரோச் லைட் எடுத்துக்கொண்டு செட்டைக்கு அடியில், நெஞ்சில், தொடையின் உட்பக்கம் இறகை எதிர்ப்பக்கமாக ஊதி ஊதிப் பாருங்கள். கவ்வியிருந்தால் மேல் பல் ஒரு பக்கம், கீழ்ப் பல் மறுபக்கம் இறங்கியிருக்கும். இறகைப் பிடுங்க வேண்டாம், கத்தரியுங்கள். இந்த வயதில் புது இறகு வந்துகொண்டிருக்கும், தண்டு நீலமாக, தடிப்பாக இருந்தால் அதற்குள் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அதை வெட்டினால் பைப் திறந்த மாதிரி வடியும்.

ஓட்டை கண்டால் அன்டிபயோட்டிக் இல்லாமல் சரிவராது. அதை வைத்தியர்தான் தர வேண்டும், நிறை பார்த்து. போயாவுக்கும் அவசரத்துக்குத் திறக்கும் இடங்கள் இருக்கின்றன. போன் எடுத்துக் கோழி என்று தொடங்காதீர்கள். பூனைக்கடி, பறவை, அன்டிபயோட்டிக் வேண்டும் என்று தொடங்குங்கள். பறவை என்றால் கேட்கிற ஆட்கள் கோழி என்றால் ஏனோ போனை வைத்துவிடுகிறார்கள்.

கிழவர் ஐயா, கோபிக்க வேண்டாம். மஞ்சளும் எண்ணெயும் பூசினால் நாளைக்கு வைத்தியர் காயத்தைப் பார்க்க முதலில் உங்கள் களிம்பைச் சுரண்ட வேண்டும். எண்ணெய் பட்ட இறகு சூட்டைப் பிடிக்காது, குஞ்சு குளிரில் போய்விடும். கடையில் வாங்கும் மஞ்சள் தூளில் மஞ்சள் எவ்வளவு, மா எவ்வளவு என்பது இன்னொரு கதை.

கடைசியாக ஒன்று. அக்கா, உங்கள் மகன் தெருப்பூனையின் வாயில் இருந்து குஞ்சைப் பறித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுடைய கையைப் பார்த்தீர்களா?


கிணற்றடி
சனி, அதிகாலை 1.20

புறாக்கூடு தம்பி, உங்கள் கடைசி வரியை வாசித்துவிட்டு எழும்பிப் போய் அவனுடைய சட்டைக் கையை இழுத்தேன். இந்த வெக்கையில் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இடது மணிக்கட்டுக்கு மேலே மூன்று வரி. இரண்டு மேலாக, ஒன்று ரத்தம் கசிந்து காய்ந்திருக்கிறது. ஊசி போடுவார்கள் என்று பயந்து சொல்லவில்லையாம். குளிக்க மாட்டேன் என்றதும் அதனால்தான்.

பைப்படியில் வைத்து சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கழுவினேன். அவன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை, “ரீச்சரையும் இப்படித்தான் கழுவணுமா?” என்று மட்டும் கேட்டான். பிறகு ஓட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். பூனை யாருடையது, பிடித்துக் கட்டி வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். தெருப்பூனை என்றதும் மேலே கேள்வி இல்லை, விசர்நோய்த் தடுப்பூசி தொடங்கிவிட்டார்கள். காசு எதுவும் இல்லை. அடுத்த ஊசிகளுக்கான நாட்களை அட்டையில் எழுதித் தந்திருக்கிறார்கள். தாதி ஒருவர் குஞ்சு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பின்னேரத்துக்குப் பிறகு மகன் முதல் தரம் சிரித்தது அப்போதுதான்.

இப்போது வீட்டில். மாமி தூங்காமல் இருந்து சுடுதண்ணிப் போத்தலை மாற்றி வைத்திருக்கிறா. அறுக்கச் சொன்ன அதே மாமிதான்.

கையுறையோடு கழுவினேன். சிரிஞ்ச் பதினாலு தரம். காய்ந்த இலைத் துண்டு ஒன்று தோலுக்கு அடியில் இருந்து வந்தது, கறிவேப்பிலை. ஓட்டையும் இருக்கிறது. வலது செட்டைக்கு அடியில் இரண்டு, ஒரு விரல் இடைவெளி. ஒன்று பொருக்கு மூடிவிட்டது. நானாக இருந்தால் ஒரு நாளும் கண்டிருக்க மாட்டேன்.


பாமசி அக்கா (தெஹிவளை)
சனி, காலை 6.30

மகனுக்கு ஊசி தொடங்கிவிட்டீர்கள், நல்லது. மிச்ச ஊசி ஒன்றையும் தவற விடாதீர்கள். கோழியால் விசர்நோய் தொற்றும் என்று பயப்பட வேண்டாம், அது பாலூட்டிகளுக்கு வருவது. ஆனால் கடித்த உடனே காயத்தில் பூனையின் எச்சில் இருக்கும், அதனால் கையுறை போட்டது சரி.

கவுன்ரரில் நிற்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். வாரத்தில் ஒருவராவது வந்து, “கோழிக்கு, பிள்ளையின் அன்டிபயோட்டிக் பாணி மிச்சம் இருக்கு, எத்தனை துளி?” என்று கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். 600 கிராம் உடம்பு அது. பனடோல் பொடித்துக் கொடுப்பதும் வேண்டாம். மரத்துப் போகச் செய்யும் களிம்புகள், பெயர் ‘கேயின்’ என்று முடியும் மருந்து சேர்ந்தவை, வைத்தியர் சொல்லாமல் பறவைக்குப் பூச வேண்டாம், அளவு கொஞ்சம் கூடினாலும் தாங்காது. கோப்பித்தூள் அப்புவார்கள் இன்னும் சிலர், அதைக் கழுவி எடுக்கும் பாடு எனக்குத் தெரியும்.

நோவுக்கு வைத்தியரிடம் கேளுங்கள், அவர்கள் மெலொக்சிகாம் தருவார்கள். கோழிக்கு நோகாது என்று நினைத்துக் கேட்காமல் வந்துவிடுவார்கள் பலர். நோவோடு இருக்கும் குஞ்சு தின்னாது, தின்னாவிட்டால் காயம் ஆறாது.

தண்ணீரை வாய்க்குள் ஊற்றாதீர்கள். சொண்டின் ஓரத்தில் ஒரு துளி வைத்தால் அதுவே நக்கிக்கொள்ளும். வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னால் சின்ன வெடிப்பு மாதிரி ஒன்று திறந்து மூடும். அது மூச்சுக் குழாய். அதற்குள் போனால் காயத்துக்கு முன்னால் நியுமோனியா முந்திக்கொள்ளும்.


கிணற்றடி
சனி, இரவு 7.40

வைத்தியர் கிடைத்துவிட்டார்! ஐந்தாவது போனில். தம்பி சொன்ன மாதிரியே “பறவை, பூனைக்கடி” என்று தொடங்கினேன். தெஹிவளைப் பக்கம், அவசரத்துக்கு மட்டும் திறந்திருந்தார்கள். இளம் பெண் ஒருவர். அட்டையில் பெயர் எழுத வேண்டும் என்றார், மகன் “ரீச்சர்” என்றான், அவர் என்னைப் பார்த்து, “உங்கள் பெயர் இல்லை, கோழியின் பெயர்” என்றார்.

நிறை 610 கிராம். மூடியிருந்த ஓட்டையை ஒரு சின்னக் கருவியால் திறந்தார். பழுத்த மஞ்சள் நிறத்தில் ஒரு சொட்டு. சீழ் இன்னும் இல்லை, நாளைக்குக் கட்டியிருக்கும் என்றார். மெல்லிய குழாய் விட்டுக் கழுவினார். பெரிய காயத்தின் மேல்மூலையில் மட்டும், தோல் சுருண்டு போகாமல் இருக்க, இரண்டு தையல். கீழ்ப்பக்கம் நீர் வடியத் திறந்தே விட்டார். அன்டிபயோட்டிக் ஊசி ஒன்று, வீட்டுக்கு ஏழு நாள் பாணி, நோவுக்கு மெலொக்சிகாம். திறந்த இடத்துக்கு, எரிகாயத்துக்குப் பூசும் அந்த வெள்ளைச் சில்வர் களிம்பு, மெல்லிசாக. மொத்தம் 3,800 ரூபா. கோழிக்கடையில் இந்தக் காசுக்கு முழுக் கோழிகளே வாங்கலாம் என்பது எனக்கும் தெரியும், யாரும் எழுத வேண்டாம்.

மருந்து கொடுத்த கோழியை உடனே சாப்பிடக்கூடாது, காலக்கெடு இருக்கிறது என்றும் சொன்னார். அதை மாமியிடம் சொன்னேன். “இனி யார் இதைச் சாப்பிடுவது?” என்று கேட்டுவிட்டுப் போய் ஒரு முட்டை அவித்து நசித்துக்கொண்டு வந்தா. மஞ்சட்கருவை மூன்று கொத்து. நான் எண்ணினேன்.


கிணற்றடி
திங்கள், காலை 6.10

அவசரம். காயத்தைச் சுற்றி முதுகும் செட்டையின் அடியும் பச்சையாகிவிட்டது. லேசாக இல்லை, பாசி மாதிரிப் பச்சை. அழுகுகிறதா? எச்சமும் பச்சை.


ஆறுகோழிக்காரன்
திங்கள், காலை 6.25

அக்கா, மூக்கை வைத்து மணந்து பாருங்கள். கெட்ட நாற்றம் இல்லை, தோல் மெத்தென்று சூடாக இருக்கிறது என்றால் அது அழுகல் இல்லை, அடிபட்டுக் கண்டிப்போன இடம். நமக்குக் கண்டினால் நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறிப் போகும். கோழி உடம்பில் அந்தப் பச்சையை மஞ்சளாக மாற்றும் வேலை நடப்பதில்லை, அதனால் நன்றாகப் பச்சை பிடித்துத்தான் ஆறும். நானும் முதல் தரம் கண்டபோது குழி தோண்ட மண்வெட்டி எடுத்தவன். அழுகினால் கறுக்கும், குளிர்ந்து போகும், அறைக்குள் வரும்போதே மணக்கும்.

எச்சம் பச்சை என்றால் வயிறு காலி, பித்தம் மட்டும் வருகிறது. இன்னும் தின்ன வைக்க வேண்டும். தீனைத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்துப் பாருங்கள். தினமும் காலையில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.


புறாக்கூடு
திங்கள், காலை 7.05

பச்சைக்குப் பயமில்லை. தோல் பலூன் மாதிரி உப்பி, தொட்டால் பொலித்தீன் பை நொறுங்குவது போல் சத்தம் வந்தால் எழுதுங்கள். பல் உள்ளே காற்றுப் பையைத் தொட்டிருந்தால் அப்படி வரும், வைத்தியர் காற்றை எடுத்துவிட வேண்டி இருக்கும்.


கிணற்றடி
புதன், இரவு 9.00

மணக்கவில்லை, உப்பவும் இல்லை. நிறை ஞாயிறு 585, திங்கள் 580, நேற்று 590, இன்று 605. சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான் மகன், இவர் வந்து பார்த்துப் பெயின்ட் அடித்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று ஒரு மூச்சுப் புலம்பினார்.

ஒரு பிழை விட்டேன், சொல்லிவிடுகிறேன். இன்று மத்தியானம், பாவம் வெயில் கண்டு எத்தனை நாள் என்று, வலை இல்லாமல் பத்தே நிமிஷம் கிணற்றுக்கட்டில் பெட்டியோடு வைத்தேன். பின்னேரம் களிம்பு போடப் பார்த்தால் காயத்தின் ஓரத்து இறகில் ரவை ஒட்டின மாதிரி வெள்ளையாக ஒரு கொத்து. இலையான் முட்டை. பத்து நிமிஷம்! ரோச் லைட் அடித்து, புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, எடுக்க வராத இறகைக் கத்தரித்து, திரும்ப முழுக்கக் கழுவி, முக்கால் மணி நேரம் போனது. மதிலில் இரண்டு காகம் வேறு இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தன.


வன்னிக் கிழவன்
புதன், இரவு 9.30

அதற்குத்தான் பிள்ளை வேப்பெண்ணெய். காயத்தில் வேண்டாம் என்றால் பெட்டியின் வெளிப்பக்கத்திலாவது பூசுங்கள். அதுக்குத் தம்பி கோபிக்க மாட்டார்தானே.


புறாக்கூடு
புதன், இரவு 9.32

பெட்டிக்குப் பூசலாம் ஐயா.


கிணற்றடி
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு

கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

தோல் மூடியில் முக்கால்வாசி பிடித்துக்கொண்டது. கீழ்மூலையில் ஒரு துண்டு தோல் காய்ந்து கறுத்து, காலணித் தோல் மாதிரி விறைத்து, பத்தொன்பதாம் நாள் தானாகவே பெட்டியில் விழுந்து கிடந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். பிடுங்கிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது உண்மை. வைத்தியர் திட்டியிருந்தபடியால் தொடவில்லை.

மற்ற நான்கோடும் சேர்ப்பதுதான் காயத்தைவிடப் பெரிய வேலையாகப் போய்விட்டது. நாலாம் கிழமை, ஆறிவிட்டதுதானே என்று நேராகக் கூட்டில் விட்டேன். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, கூடப் பிறந்த சேவல்குஞ்சு ஏறி மிதித்துக் கொத்தத் தொடங்கிவிட்டது. பிறகு கூட்டுக்கு நடுவில் வலை அடித்து, பார்க்கலாம் ஆனால் தொட முடியாது என்று எட்டு நாள் வைத்து, இரவில் எல்லாம் தூங்கின பிறகு ரீச்சரைக் கொண்டுபோய்க் கம்பில் ஏற்றி விட்டேன். காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி ஐந்தும் ஒன்றாக இறங்கி வந்தன. இப்போது பின்னேரம் நாங்கள் யாராவது பக்கத்தில் இருந்தால்தான் திறந்து விடுவது. கூட்டுக்குப் பழைய பெரிய ஓட்டை வலையைக் கழற்றிவிட்டு அரை அங்குல வெல்ட் வலை, மேலேயும் சேர்த்து. மரநாய் ஓட்டில் நடக்கும் சத்தம் இங்கே எந்த இரவும் கேட்கும். கால்வாய்ப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) முட்டைக்கு வருகிறது என்கிறார், அது எங்கள் ஒழுங்கை வரை வராது என்று நம்புகிறேன்.

மகனுக்கு ஊசி எல்லாம் முடிந்தது. அட்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தான்.

நிறை நேற்று 1 கிலோ 40 கிராம். முதுகில் இறகு முளைத்துவிட்டது, ஆனால் காயம் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாக வருகிறது. தோலுக்கு அடியில் இறகின் வேர் அடிபட்டால் சில வேளை அப்படி நிறம் இல்லாமல் வருமாம், வைத்தியர் போனில் சொன்னார். முழுக்கக் கறுப்புக் கோழி, முதுகில் மட்டும் ஒரு கை அளவு வெள்ளை. கரும்பலகையில் சாய்ந்துவிட்டு வந்த ரீச்சருக்கு வெண்கட்டித் தூள் பட்ட மாதிரி இருக்கிறது என்று மகன் சொல்கிறான். மாமி அதைத் தட்டிவிடப் பார்த்தா.